பிஞ்சு நெஞ்சில் நிறவெறி புகாதிருக்க



1957-ல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரிலே கறுப்பின மாணவ மாணவியர் ஒன்பது பேர் பள்ளிக்குள் நுழையப் பட்டாளம் துணைவர வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் எலா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பாடகி குழந்தைகளுக்காகத் தமது முதல் இசைத்தட்டை வெளியிட்டார்.

அவர் ஓரடி பாடுவார். குழந்தைகள் திருப்பிப் பாடுவார்கள். ஆப்பிரிக்க மக்களின் பாட்டு முறை அது! 1974-ல், 'ஜாம்போ' என்னும் ஸ்வாஹிலி வணக்கச் சொல்லையே தலைப்பாக்கி இன்னோர் இசைத்தட்டு தந்தார்.

"எல்லோரும் சமம்" என்று உபதேசித்தால் பிஞ்சுகள் மறந்துவிடும். அயலான் மொழியில் வணக்கம் பாடிய நாவோ, அவனை இழிவாகப் பேசக் கூசும்.

பாட்டு மட்டும் பள்ளிக் கதவைத் திறக்காது. அதற்குப் போராட்டம் வேண்டும். திறந்த கதவுக்குள்ளே குழந்தைகளைத் தோளோடு தோள் உட்காரவைக்கப் பாட்டும் வேண்டும்!