இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புரட்டு
(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்றுதான் நினைப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது வீட்டில் படுத்துவிட்ட பெரியவர்களைப் பற்றி. பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர் ஆகியோருக்கு வருகிற படுக்கைப் புண்ணைப் பற்றி.

"படுத்தவருக்குப் புண் வரத்தானே செய்யும்" என்கிறார்கள். பெரும்பாலும் அதைத் தடுத்துவிடலாம். எலும்புக்கும் பாய்க்கும் நடுவே தோலும் சதையும் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருகிற புண் அது. நாம் தூக்கத்திலேயே புரண்டுவிடுகிறோம். அவரால் முடியாது. சில மணி நேரத்திலேயே சதை கெட ஆரம்பிக்கும். பின்இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை என்று எலும்பு துருத்துகிற இடமெல்லாம் ஆபத்துதான்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிவந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பவுடர் போடுவோம். மூத்தவர்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டிக்கு நான் அக்கறையாகத் தேய்த்த இடமே மூன்றாம் நாள் உரிந்து வந்தது. உள்ளே நைந்த சதையைத் தேய்த்தால் இன்னும் கெடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இடுப்புக்கு வளையம் வைப்பதும், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும் கூடாது. இந்தப் பழக்கங்கள் சில வார்டுகளில் இன்னும் போகவில்லை. தெரிந்த நர்சுக்கும், வார்டு நிறைய நோயாளிகளைப் பார்க்கிற ராத்திரியில் ஒவ்வொருவரையும் புரட்ட நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, "நர்சம்மா, எப்படிப் புரட்டுவது, காட்டுங்க" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். மல்லாக்க, இடப்பக்கம், வலப்பக்கம் என்று 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குத் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் பாயில் படாது. ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் உரியும். பழைய வேட்டியை மடித்து அடியில் விரித்து, புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் பிடித்துத் தூக்குங்கள்.

"அத்தையைப் பார்ப்பது மருமகள் வேலை" என்று ஆண்கள் திண்ணையில் படுத்துவிடக் கூடாது. 10 மணி, 12 மணிக்கு ஒருவர் எழுந்தால், 2 மணி, 4 மணிக்கு இன்னொருவர் எழ வேண்டும். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டத்தான் வேண்டும்.

தினமும் குளிப்பாட்டும்போது உடம்பைப் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும், தோல் கறுத்தாலும், வலி என்றாலும் அந்தப் பக்கம் பாரம் படவிடாதீர்கள், நர்சிடம் சொல்லுங்கள். மூத்திரத்தில் நனைந்தால் உடனே கழுவி, ஒற்றித் துடையுங்கள். முட்டை, பருப்பு, மீன் எதுவானாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தாராளமாகக் கொடுங்கள்.

தோல் உடைந்துவிட்டால் மஞ்சள், சாம்பல், காபிப்பொடி எதுவும் அப்ப வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

இதோ, பாயும் வேட்டியும் கொண்டு வந்திருக்கிறேன். நோயாளியாக நானே படுத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு ஜோடி முன்னால் வாருங்கள், பார்ப்போம்.