வியாழனின் குரல்



செவிக்கு எட்டியதை இரைச்சல் என்று தள்ளுதல் எளிது. அஃது எதன் குரல் என ஆராய்தல் அரிது. வியாழன் என்னும் பெருங்கோளே இதற்குச் சான்று.

1955ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு மேரிலாந்துப் பகுதியில், பெருனார்டு பர்க்கு, கென்னத்து பிராங்குளின் என்னும் இருவர், நண்டு ஒண்முகில் எனப்படும் விண்பொருளிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். பதிவுத்தாளில் இடையிடையே ஓர் இடையூறு தோன்றிற்று. அருகே செல்லும் உந்துவண்டியின் பொறியிரைச்சலோ என முதலில் ஐயுற்றனர். ஆயின் அது, விண்மீன்களைப் போலவே, நாள்தோறும் ஏறத்தாழ 4 மணித்துளி முந்தி வந்தது. மண்ணிற் பிறந்த இரைச்சல் விண்மீனின் காலக்கணக்கைப் பின்பற்றுமோ? வான்படத்திற் பார்த்தனர், அவ்விடத்தே வியாழன் நின்றது! பின்னர், ஆத்திரேலியாவில் சேயின் என்பார் 1950, 1951ஆம் ஆண்டுப் பதிவுகளைப் புரட்டினார். அங்கும் அதே குரல், நிலத்து இரைச்சல் எனக் கருதப்பட்டு, உறங்கிக் கிடந்தது!

அக்குரல் பிறப்பது எங்ஙனம்? வியாழன் 10 மணி நேரத்திற்குள் ஒருமுறை தன்னைத்தானே சுற்றும். அதன் வலிய காந்தப்புலமும் உடன் சுழலும். அப்புலத்துள் இயங்குவது அயோ என்னும் நிலவு. அதன் எரிமலைகளிற் பிறந்த கந்தகமும் உயிர்வளியும், நொடிக்கு ஏறத்தாழ 1000 கிலோ அளவில், மின்னேற்றமுற்ற வளியாகிப் புலத்தை நிரப்பும். பிளாசுமா என அயலார் கூறும் இதனை மின்மவளி எனலாம். அயோ இதனை ஊடறுக்கையில், யாழ் நரம்பைத் தெறித்தாற்போலக் காந்தக் கோடுகளில் அலை எழும். அவ்வலை எதிர்மின்னிகளை விரைவுறச் செலுத்தும். காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும் அவற்றினின்று வானொலி பிறக்கும். அயோ நிற்கும் இடத்திற்கேற்ப இக்குரல் மிகுவதை ஆத்திரேலியாவின் பிக்கு என்பார் 1964இல் காட்டினார்.

நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி அலைவுகளோடு இக்குரல் நின்றுவிடும். அவ்வெல்லையே காந்தப்புல வலிமையை உரைக்கும் அளவுகோல். 1973இல் பயனியர்-10 வியாழனை அணுகுமுன்பே, அங்குக் காந்தப்புலம் உண்டென அறிஞர் நிலத்திலிருந்தே தெளிந்தனர். 1979இல் வாயேசர்-1 அயோவின் எரிமலைகளைக் கண்டது; வியாழனின் மின்னல் எழுப்பும் சீழ்க்கை அலைகளையும் பதிந்தது. 2016இல் வியாழனை அடைந்த சூனோ, குரல் பிறக்கும் இடத்தினூடேயே சென்று அளந்தது.

சிற்றலை வானொலிப்பெட்டியும் கம்பியாலான அலைவாங்கியும் இருப்பின், நொடிக்கு 2 கோடி அலைவுகளையொட்டி, கரையில் அலை மோதுவதுபோன்ற அக்குரலைப் பள்ளி மாணவரும் கேட்கலாம். இளைஞர்களே, உற்றுக் கேண்மின்!