வீதியிற் பொறுப்பு யாருடையது?

திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி கப்பல்துறையை ஊடறுத்துச் செல்கின்றது. துறைமுகப் பகுதியில் மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் இவ்வழியே உள்நாட்டை நோக்கி விரைகின்றன. அதே வீதியின் ஓரமாக, புத்தகப் பையைச் சுமந்து, துவிச்சக்கரவண்டியிற் பள்ளிக்குச் செல்கின்றாள் ஒரு மாணவி. தவறு யாருடையதாயினும் அடிபடப் போகின்றவள் அவளே. ஆகவே, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்று கூறி அமைந்துவிடுதல் போதாது. யாருக்கு எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியல் கூறும் உண்மை. எனவே, கனமும் வேகமும் மிக்கவருக்கே முதற் கடமை. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டு முதல், துவிச்சக்கரவண்டியை முந்தும் மோட்டார் வாகனம் ஊருக்குள் ஒன்றரை மீற்றரும் ஊருக்கு வெளியே இரண்டு மீற்றரும் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. கச்சான் வீசும் மாதங்களில் வண்டி மிதித்தவர் அந்த இடைவெளியின் அருமையை நன்கு அறிவர். காற்றின் தள்ளலும் லொறியின் இழுப்பும் ஒருங்கு சேர்ந்தால், கைப்பிடி ஒரு கணத்தில் விலகிவிடும் அன்றோ?

வண்டி மிதிப்பவரும் கடமையினின்று நீங்கியவர் அல்லர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். இரவில் விளக்கின்றிச் செல்பவரைச் சாரதி கண்டுகொள்ளுமுன் காலம் கடந்துவிடுகின்றது. பின்புறத்துச் சிவப்பு விளக்கு, பழுதற்ற பிரேக், திரும்புமுன் கைச்சைகை ஆகிய இம்மூன்றும் பெருஞ் செலவு வேண்டாத காவல்கள்.

வீதியைப் பேணுவோருக்கும் பங்குண்டு. மாரி மழையில் அரிக்கப்பட்ட வீதியோரம், மிதிப்பவரை நடுவீதிக்குத் தள்ளுகின்றது. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் வீதி விபத்துக்களால் 3000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் திரண்டு குரல் எழுப்பினர். அரசும் காலப்போக்கில் துவிச்சக்கரவண்டிகளுக்கெனத் தனி வழிகளை அமைத்தது. கேட்பதும் மக்களின் கடமையே என்பதற்கு இது சான்று.

இனி, பெருவீதியை விட்டு ஊர்ப்பாதைக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழாகின்றது. தண்ணீர்க் குடத்துடன் நடக்கும் மூதாட்டிக்கும், முற்றத்திலிருந்து ஓடிவரும் குழந்தைக்கும் முன்னால், துவிச்சக்கரவண்டியே லொறி ஆகிவிடுகின்றது. மணியடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. வேகத்தைத் தணித்து, இடமில்லையெனில் இறங்கி உருட்டிச் செல்லுதலே முறை. வீதியில் லொறிச் சாரதியிடம் எதிர்பார்த்த பொறுமையைப் பாதையில் அந்த மூதாட்டிக்கு வழங்காதவர், நீதி கேட்கும் உரிமையில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றார்.

வலியவர் மெலியவருக்கு இடம் விடுதல் என்ற இந்த ஒரு விதியை எல்லோரும் கைக்கொண்டால், காலையிற் புறப்பட்ட அம்மாணவி மாலையில் வீடு திரும்புவாள். வாயிலில் நிற்கும் தாய் வேண்டுவதும் அதுவே.