எருக்கை நம்பிய உயிர்



உயிர்களிடத்து இரக்கம் கொள்வது அறம். எந்த உயிருக்கு எது உணவு, எது கேடு என்று அறியாத இரக்கம் சில வேளைகளில் கொலையாகவும் முடியும். இதற்கான சான்று எண்ணூரின் வெற்றுமனைகளிலேயே உண்டு.

மணலும் சாம்பலும் கலந்த நிலத்தில், நீர் ஊற்றுவாரின்றி வளர்வது எருக்கு. அதனைச் சுற்றி ஆரஞ்சு நிறச் சிறகும் கரிய ஓரமும் வெண்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று பறக்கும். அதன் பெயர் வெந்தய வரியன். அமெரிக்காவில் புகழ்பெற்ற மொனார்க் வண்ணத்துப்பூச்சியும் இதுவும் ஒரே பேரினத்தவை. ஜைன நூல்கள் வண்டு, ஈ முதலியவற்றோடு இத்தகைய உயிர்களை நான்கறிவுடையனவாக வகுத்தன. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நான்கறிவுயிர்களுள் வைக்கிறது.

தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்து, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில், ஒவ்வொன்றாக முட்டையிடும். ஏறக்குறைய மூன்று நாளில் புழு வெளிவந்து முதலில் தன் முட்டையோட்டையே உண்ணும். எருக்கம்பால் பிசுபிசுப்பானது, சிறுபுழுவின் வாயை ஒட்டிவிடக்கூடியது. ஆதலால் புழு இலை நரம்பை முன்னரே கடித்துப் பாலின் ஓட்டத்தைத் தடுத்துவிட்டு உண்கிறது. அந்தப் பாலிலுள்ள நஞ்சு அதன் உடலில் தங்கிக் காவலாகிறது. ஒருமுறை தின்று குமட்டிய பறவை அந்நிறத்தை மறுமுறை நாடாது. ஏறத்தாழ இரண்டு வாரம் புழுவாகவும், பத்து நாள் அளவு கூட்டுப்புழுவாகவும் இருந்தபின் சிறகு விரிகிறது.

எருக்கும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த சில செடிகளுமே இப்புழுவின் உணவு. முருங்கைக் கீரையையோ முட்டைக்கோசையோ அன்போடு இட்டாலும், அவ்விலைகளின் நடுவிலேயே அது பட்டினியால் இறக்கும்.

முட்டையிலிருந்து வளர்க்க விரும்புவோர் இரண்டு மூன்று முட்டைகளை மட்டும் இலையோடு எடுத்தல் நன்று. காற்றோட்டமுள்ள பெட்டியை வலைத்துணியால் மூடி, நாள்தோறும் புதிய இலை இட்டு, எச்சத்தை அகற்ற வேண்டும். பூச்சிமருந்து தெளித்த செடியின் இலை நஞ்சு. தோலுரிக்கும் வேளையில் புழு அசைவற்றிருக்கும். இறந்ததென்று எண்ணித் தொடலாகாது. புதிதாய் வந்த பூச்சி தலைகீழாகத் தொங்கிச் சிறகு உலர்த்த இடம் வேண்டும். இடமின்றேல் சிறகு கோணிப் பறக்க இயலாது போகும். எருக்கம்பால் கண்ணைக் கெடுப்பதால் இலை பறித்தவர் உடனே கை கழுவுதல் இன்றியமையாதது.

அமெரிக்க அனுபவமும் பாடமாகத் தக்கது. மொனார்க் குறைந்து வருவதைக் கண்டு பலர் அதனை வீட்டில் வளர்த்தனர். வெப்பநாட்டு எருக்கின ஒன்றையும் தோட்டங்களில் நட்டனர். தென் மாநிலங்களில் அச்செடி குளிர்காலத்திலும் பட்டுப்போகாததால், பூச்சிகளைத் தாக்கும் ஒட்டுண்ணியின் வித்துகள் அதன் இலைகளில் சேர்ந்தன. வீட்டுக்குள் வளர்ந்த மொனார்க்குகள் தென்திசை நோக்கிச் செல்லும் திறனை இழந்தன என்று 2019இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அங்கும் அறிஞர் பலர் கூறும் வழி, அந்தந்த மண்ணுக்குரிய செடியை நட்டு, வளர்ப்பை இயற்கையிடம் விடுவதே.

எண்ணூருக்கு அச்செடியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்ததைக் கண்ட ஊர் இது. கொசத்தலை ஆற்றங்கரை ஒரு தனிமனிதரின் முயற்சியால் மீளாது. எருக்கைக் காப்பதற்கோ பெருஞ்செலவும் இல்லை, எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. விழாவுக்கு முன் மனையைத் துப்புரவு செய்யும்போது புதரென்று வெட்டப்படுவது பெரும்பாலும் எருக்கே. வெட்டுமுன் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். முட்டையோ புழுவோ இருப்பின் அச்செடியை ஒரு மாதம் விட்டுவைத்தால் அவ்வுயிர்கள் பறந்துவிடும். குழந்தைகள் விளையாடாத வேலியோரத்தில் இரண்டு எருக்கை நிலையாக விட்டுவைப்பது அதனினும் நன்று. பெட்டியில் மூன்று பூச்சிகளை வளர்த்த பிள்ளைகள், அச்செடி வெட்டுப்படாமல் காக்கவும் முன்வருவர்.