மூங்கிலுக்குள் ஒரு தந்தை



தமிழ் வழக்கில் தவளைக்கு நற்பெயர் இல்லை. உலகறியாதவனைக் கிணற்றுத் தவளை என்கிறோம். நாவடக்கம் அற்றவனைக் கண்டால் 'தவளை தன் வாயால் கெடும்' என்கிறோம். இவ்விரு வழக்குகளும் பொருந்தாத தவளை ஒன்று தமிழகத்து மழைக்காட்டிலேயே வாழ்கிறது.

1876இல் ஆல்பர்ட் குந்தர் திருவிதாங்கூர் மலைகளில் கிடைத்த ஒரு சிறு மரத்தவளைக்குச் 'சலசோடஸ்' என்று பெயரிட்டார். அதன்பின் ஏறத்தாழ 135 ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு முன்னின்று 2010இல் தொடங்கிய தேடலில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. 2011இல் செய்தி வெளியாயிற்று. ஒளிரும் பச்சை மேனி, சாம்பல் நீலத் தொடை. உடல் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் கே.எஸ். சேஷாத்ரியும் உடனாய்வாளர்களும் அதன் வாழ்க்கையைக் கண்டு 2014இல் வெளியிட்டனர். நாணல் மூங்கிலின் கணுவிடையில் பூச்சியோ கொறிவிலங்கோ குடைந்த சிறு பிளவின் வழியே ஆண் தவளை உட்புகுகிறது. உள்ளிருந்தே குரல் கொடுத்துத் துணையை அழைக்கிறது. பெண் வந்து உட்சுவரில் முட்டையிட்டுச் செல்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் இதற்கில்லை; முட்டையிலிருந்து தவளைக்குஞ்சே வெளிவருகிறது. அதுவரை காவல் தந்தையுடையது. மாலையில் சிறிது நேரம் இரைதேடச் செல்வதன்றி அது முட்டைகளைப் பிரிவதில்லை. தந்தையை அகற்றிப் பார்த்த ஆய்வில் முட்டைகள் பெரிதும் அழிந்தன. அவற்றைத் தின்றவை அவ்வினத்துப் பிற ஆண் தவளைகளே. ஆக, இது வாயால் கெடுவதன்று, வாயால் குடும்பம் காண்பது. அது குறுகிய இடத்தில் அடங்கியிருப்பதும் அறியாமையால் அன்று, கடமையால்.

இங்கே குறுந்தொகையின் 193ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. குறிஞ்சித் திணையில், வாய் குறுகிய சுனையிலுள்ள தேரையின் ஒலிக்கு அரிசில்கிழார் காட்டும் உவமை தட்டை. தட்டையாவது, மூங்கிலைப் பிளந்து செய்து, தினைப்புனத்தில் கிளியோட்டும் கருவி. அவர் பாடியது இத்தவளையை என்பதற்கில்லை. எனினும் தேரையின் ஒலியில் மூங்கிலின் ஒலியைக் கேட்ட செவி, மலையை நின்று கேட்ட செவி என்பதில் ஐயமில்லை.

மலையே இல்லாத திருப்பெரும்புதூர், ஒரகடத்துக் கவிஞர்க்கு இதனால் என்ன எனலாம். அத்தேடல் தொடங்கிய அதே 2010இல்தான் ஒரகடத்தில் பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலைமுறை மாறி மாறித் தந்தையர் பேருந்தேறும் ஊர்கள் இவை. குழந்தை உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தைக்கு இம்மூங்கில் தந்தையின் காவல் புரியாத செய்தியன்று. தொழிற்சாலை மதில்களுக்கு அப்பால் ஏரிகளும் எஞ்சியுள்ளன. ஐப்பசி மழையில் அங்கு ஒலிப்பது ஒரே தவளையின் குரலன்று. எவை எவை என்று பிரித்தறிந்து பெயர் சொல்லும் முதியோர் இன்னும் ஊர்களில் உண்டு. அப்பெயர்கள் அவர்களோடு மறைந்துவிடலாகாது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் ஒரு மழையிரவையேனும் ஏரிக்கரையில் கழிக்கட்டும். முதியோர் சொல்லும் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கட்டும். கவிதை அதன்பின் தானே வரும்.