தாதியர் கல்வியும் நம் குலத்தாரும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இன்று யாம் பேசப் புகும் விஷயம் சிலருக்கு உவப்பாயிராது என்பதை அறிவோம். நமது சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து வைத்தியம், பொறியியல், சட்டம், கணக்கு ஆகிய படிப்புகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து வருகிறோம். தாதியர் கல்வி பயில விரும்பிய ஒரு பெண்ணின் மனு சென்ற கமிட்டிக் கூட்டத்திற்கு வந்தபோது, விதியில் இடமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். விதியில் இடமில்லை என்பது மெய்தான். ஆனால் விதியை எழுதியவர்கள் நாமே அல்லவா?

விதியில் இடமில்லாமற் போனதற்குக் காரணம் மனத்தில் இடமில்லாமையே. நம்மவர் சொல்லும் ஆட்சேபங்கள் யாவரும் அறிந்தவை. மலஜலம் எடுக்கும் வேலை. அந்நிய ஆடவர் உடம்பைத் தொடும் வேலை. இரவில் வீட்டில் தங்காத வேலை. வைத்தியர் சொன்னதைச் செய்வதற்கு ஒரு சர்வகலாசாலைப் பட்டமா என்பது நான்காவது. இவற்றைப் பிறர் வாயிற் கேட்டு யாம் சொல்லவில்லை. ஏழாண்டுகளுக்கு முன் எம் தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறி, தாதியர் கல்லூரியொன்றில் இடமும் கிடைக்கப்பெற்று, எம்மிடம் யோசனை கேட்க வந்தாள். மேற்கூறிய நான்கையும் அவளுக்கு எடுத்துரைத்தவர் யாமே. "மாமா சொன்னால் சரி" என்று சொல்லிப் போய், வணிகவியல் படித்தாள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் எமக்குக் குடலிற் சத்திரசிகிச்சை நடந்தது. அன்றிரவு இரண்டு மணியிருக்கும். எமக்குப் பெரிதாக நோவில்லை. துணைக்கிருந்த மகன் பெஞ்சியில் அயர்ந்து கிடந்தான். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க நர்சு ஒருத்தி நாடியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள். கால்மணி நேரத்தில் மீண்டும் வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி எம் மூச்சை எண்ணினாள். விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தாள். இரத்த அழுத்தக் கருவி குறைவொன்றும் காட்டவில்லை. ஆயினும் அவள் வைத்தியரை எழுப்பி வரவழைத்தாள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விடியுமுன் மறுபடியும் மேடைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தோம்.

அழுத்தம் சரியாயிருந்தும் எப்படி அறிந்தாய் அம்மா என்று சில நாள் கழித்துக் கேட்டோம். அவள் சொன்ன விடை இது. உள்ளே இரத்தம் குறையுங்கால் இருதயம் விரைந்து அடித்தும், தோலிலுள்ள குழாய்கள் சுருங்கியும் அழுத்தத்தை விழவிடாமல் உடல் தாங்கிக்கொள்ளும். ஆகையால் நாடி விரைதலும், மூச்சு மிகுதலும், விரல் குளிர்தலும் முந்தி வரும்; அழுத்தம் விழுவது பிந்தி வரும். அழுத்தம் விழட்டும் என்று காத்திருந்தால் காலங் கடந்துவிடும். இதை அவளுக்கு எந்த வைத்தியரும் அன்றிரவு சொல்லிக் கொடுக்கவில்லை. முதலாண்டு உடலியங்கியலிலும் இரண்டாமாண்டு வைத்திய சத்திரசிகிச்சைத் தாதிமைப் பாடத்திலும் படித்தாளாம். அவள் எக்குலத்தாள் என்று யாம் கேட்கவில்லை. அன்றிரவு கேட்கும் நிலையிலும் இல்லை.

வீடு திரும்பிய பின் அப்படிப்பைப் பற்றி விசாரித்தோம். நம் தேசத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் என்பது நான்கு வருஷப் படிப்பு. இந்தியத் தாதியர் கவுன்சில் 2021 இல் திருத்தி வெளியிட்ட பாடத்திட்டப்படி எட்டுப் பருவங்கள். உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், உயிர்வேதியியல், உணவு நூல், நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்கூற்றியல் என்று அடித்தளம் அமைகிறது. முன்பு வைத்திய சத்திரசிகிச்சைத் தாதிமை எனப்பட்ட பகுதிக்கு இப்போது வயது வந்தோர் நலத் தாதிமை என்று பெயர். மூன்றாம் நான்காம் பருவங்களில் அது வருகிறது. வயோதிகர் பராமரிப்பும் அதில் அடக்கம். பின்பு குழந்தை, மனநோய், சமூக நலம், பேறுகாலம், ஆராய்ச்சியும் புள்ளிவிவரமும். கடைசிப் பருவம் முழுவதும் நேரடிப் பயிற்சி. பிரிட்டனில் வயது வந்தோர் தாதிமையைத் தனிப் பிரிவாகவே மூன்றாண்டு படிக்கிறார்கள். மொத்தம் 4,600 மணி நேரத்தில் பாதி பாடம், பாதி நோயாளியருகில்.

வைத்தியர் சொன்னதைச் செய்வதுதானே என்பார்க்கு இரண்டு சிறு கணக்குகள் சொல்லுவோம். 500 மில்லி லிட்டர் உப்பு நீரை நான்கு மணி நேரத்தில் ஏற்றுக என்று வைத்தியர் எழுதிப் போய்விடுவார். ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி விழும் குழாயானால் நிமிஷத்துக்கு எத்தனை துளி? ஏறக்குறைய 42. இதை நிமிஷத்திற் கணக்கிட்டு, நோயாளி இருதய பலவீனமுடையவராயின் இந்த வேகம் ஆகுமா என்றும் எண்ணிக் கேட்க வேண்டியவள் தாதி.

மற்றது இன்சுலின். நீரிழிவுடையார் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள், நன்றாய்க் கேளுங்கள். நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 அலகு கொண்ட மருந்தும், 100 அலகு கொண்ட மருந்தும் உண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு ஊசிக்குழாய். நூறலகு மருந்தை நாற்பதலகுக் குழாயில் பத்து என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது பத்தலகன்று, இருபத்தைந்து. சர்க்கரை மிகத் தாழ்ந்து நோயாளி நினைவிழக்கவும் கூடும். சீட்டில் வைத்தியர் எழுதியது சரியே. குழாயைப் பார்க்கும் கண்ணல்லவா உயிரைக் காக்கிறது?

பட்டத்தினால் என்ன பயன் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து, லிண்டா எய்க்கன் அம்மையாரும் அவரது கூட்டத்தாரும் 2014 இல் லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சத்திரசிகிச்சை செய்துகொண்ட நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரம் அதில் உண்டு. பட்டம் பெற்ற தாதியர் நூற்றுக்குப் பத்துப் பேர் வீதம் கூடுந்தோறும், முப்பது நாளில் நோயாளி மரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு குறைவாயிருந்தது. ஒரு தாதி பார்க்கவேண்டிய நோயாளர் ஒருவர் கூடினால், அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஏழு மிகுந்தது. ஆக, படித்தவரும் வேண்டும், போதிய பேரும் வேண்டும்.

இது மேனாட்டார் புதுமை என்று சொல்வாரும் உளர். சென்னை அரசாங்கப் பெரிய வைத்தியசாலையில் தாதியர் பயிற்சி 1871 இலேயே தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 இல் தாதியர் பள்ளி வைத்தார். பட்டப் படிப்பு 1946 இல் வேலூரிலும் டில்லியிலும் ஆரம்பமாயிற்று. பிரிட்டனில் எடின்பரோ சர்வகலாசாலை அத்தகைய பட்டப் படிப்பைத் தொடங்கியது 1960 இல். நாம் முந்திக்கொண்ட காரியங்கள் மிகச் சில, அவற்றுள் இதுவொன்று. ஆயினும் நெடுங்காலம் இத்தொழிலுக்கு வந்தவர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவருமாகிய பெண்மணிகளே. நம்போன்ற குலத்தார் கட்டிலிற் படுத்திருந்தோமேயன்றிக் கட்டிலருகில் நின்றோமில்லை. பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வீட்டாரும் நம்மைப் போன்றவர்களே. செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்கு இது தகாது என்று தாயாரும் தமக்கையாரும் வெகுவாய்த் தடுத்தனர். கிரிமியப் போரில் 1854 இல் அவர் ஸ்கூட்டாரிக்குப் போன பின்பே உலகம் வாய் மூடிற்று.

தொடுதலையும் இரவு வேலையையும் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியம் படிக்கும் பெண்ணும் ஆடவர் உடம்பைத் தொடுகிறாள்; இரவில் வைத்தியசாலையில் இருக்கிறாள். அவளுக்கு வரன் வேண்டி நம் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே "டாக்டர் மணமகள்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் வருகிறது. தாதியாயிருக்கும் நம் குலப் பெண்ணொருத்தியை நிச்சயம் செய்த பின், இரவு வேலை என்று தெரிந்து பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பியதும் நம் ஊரில் நடந்ததே. குற்றம் தொடுதலிலா, சம்பளத்திலா என்பதைச் சபையோரே யோசிக்கலாம்.

சம்பளம் என்றதும் உண்மையை மறைத்தல் கூடாது. தனியார் வைத்தியசாலைகள் பலவற்றில் ஊதியம் மிகக் குறைவு. உச்ச நீதிமன்றத்தின் கட்டளைப்படி 2016 இல் கூடிய குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த சிறு நிலையங்களிலுங்கூட மாதம் ரூ. 20,000 க்குக் குறையலாகாது என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு வேறு, சம்பளப் பட்டுவாடா வேறு. கல்லூரியைத் தேர்வதிலும் ஜாக்கிரதை வேண்டும். கட்டிடத்தின் அழகைப் பாராமல், அக்கல்லூரிக்குச் சொந்த வைத்தியசாலை உண்டா, அதில் நோயாளிகள் மெய்யாகவே படுத்திருக்கிறார்களா, கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று நேரிற் போய்ப் பார்த்து வாருங்கள். மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர்கள் இரண்டாண்டு மேலும் பயின்று பட்டம் பெறவும் வழியுண்டு. நம்மில் அவ்விதம் நின்றுவிட்டவர் சிலர் இருக்கக்கூடும். இப்படிப்பு பெண்களுக்கு மட்டும் உரியதும் அன்று. வேலைக்கு அலையும் நம் பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

எம் தங்கை மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. ஒரு கடையிற் கணக்கெழுதுகிறாள். வைத்தியசாலையில் எம்மைப் பார்க்க வந்த நாளில், அந்நர்சு காகிதத்தில் என்னென்ன குறிக்கிறாள் என்பதையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. யாமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆதலின் கீழ்க்கண்ட தீர்மானத்தைப் பிரேரேபிக்கிறோம். கல்வி நிதி விதியில் "வைத்தியம்" என்னும் சொல்லையடுத்து "தாதியர் பட்டப் படிப்பு" என்பதைச் சேர்க்க வேண்டும். ஆண் பெண் இருபாலாருக்கும் அது பொருந்த வேண்டும். திருப்பி அனுப்பிய மனுவை வரும் கமிட்டியில் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வருஷத்து உபகாரச் சம்பளத்திற் பாதியை யாம் தருவதாகக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆமோதிப்பவர் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.