கோஹிமா மலைப்பாதையிலே

யுத்தம் நடந்த பூமியைப் பார்க்கப் புறப்படுகிறவன் காரிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். ஆயினும் ஓர் ஏற்றம் எவ்வளவு செங்குத்தானது, ஒரு வளைவு எவ்வளவு குறுகலானது, மேலே காத்திருப்பவன் கண்ணுக்குக் கீழேயிருந்து வருகிறவன் எத்தனை சுலபமாகத் தென்படுவான் என்பதையெல்லாம் தன் தோளும் முழங்காலும் சொல்லக் கேட்கவேண்டுமானால், மோட்டார் சைக்கிளுக்கு இணையான வாகனம் இல்லையென்பது என் அபிப்பிராயம். ஆகவேதான், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்து என்னோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்ட பழைய புல்லட்டின் பெட்ரோலை ஒட்ட வடித்து, சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் ஏற்றி, வடகிழக்குக் கோடியிலுள்ள திமாப்பூரில் இறக்கிக்கொண்டேன்.

இன்று கடைகளும் இரைச்சலுமாய் இருக்கும் இந்தத் திமாப்பூரில்தான், 1944-இல், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, பர்மா எல்லையில் நின்ற பிரிட்டிஷ் இந்தியச் சேனைக்கு வேண்டிய அரிசியும் குண்டும் மருந்தும் பதினோரு மைல் நீளத்துக்குக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குவியலுக்கும் இம்பாலில் இருந்த படைக்கும் நடுவே, மலையைக் குடைந்து போகிற ஒற்றைச் சாலை. அந்தச் சாலையின் கழுத்தைப்போல் கோஹிமா. கழுத்தைப் பிடித்தால் போதுமென்று ஜெனரல் ஸாட்டோவின் ஜப்பானிய 31-ஆம் டிவிஷன், சிந்த்வின் நதியைக் கடந்து, பாதையே இல்லாத மலைகளின்மேல் ஏறி, ஏப்ரல் 4-ஆம் தேதி கோஹிமாவின் வாசலுக்கு வந்துவிட்டது.

திமாப்பூரிலிருந்து கோஹிமாவுக்கு 70 கிலோமீட்டர் சொச்சம். முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சமவெளி. அப்புறம் இரண்டாவது கியரும் முதல் கியருமாகவே பிரயாணம். ஒரு பக்கம் ஈர மண் சரிந்து நிற்கும், மறுபக்கம் பள்ளத்தாக்கு வாயைத் திறந்து கிடக்கும். எதிரே லாரி வந்தால் ஒதுங்குவதற்கு எனக்கு ஒரு முழ அகலம் கிடைத்தது. அக்காலத்தில் இதே வளைவுகளில் தகவல் சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டிய சிப்பாய்களுக்கு, லாரியைப் பற்றிய பயம் கடைசிப் பயமாகத்தான் இருந்திருக்கும்.

கோஹிமாவின் யுத்த மயானம் ஊர் நடுவிலேயே, ‘காரிஸன் ஹில்’ என்னும் குன்றின் சரிவில், படிப்படியாக அமைந்திருக்கிறது. சுமார் 1,420 சமாதிகள். சமாதிகளின்மேல் உயரமான கல் எதுவும் கிடையாது. வெள்ளையடித்த சிறிய பீடத்தின்மேல் ஒரு வெண்கலத் தகடு, அதில் பெயர், ரெஜிமெண்டு, வயது. 19, 22, 20, 24 என்று வயதுகளை வாசித்துக்கொண்டே ஒரு வரிசையைக் கடந்தபிறகு, அடுத்த வரிசையில் தகடுகளைப் பார்க்காமல் அவற்றைச் சுற்றியிருந்த ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு தோட்டக்காரர், கையில் ஈரத்துணியோடு, இரவு மழையில் தகடுகள்மேல் தெறித்த மண்ணை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போனார்.

மயானத்தின் மேற்படிகளில் ஒன்றில், புல்தரையினூடே வெள்ளைக் கோடுகள் செவ்வகமாக ஓடுகின்றன. அது டென்னிஸ் மைதானம். டெபுடி கமிஷனர் சார்லஸ் பாஸியின் பங்களாவைச் சேர்ந்தது அது. மாலை வேளைகளில் துரைமார் பந்தாடிய இடம். ஆட்ட விதிப்படி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 78 அடி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். என் நடைக்கு முப்பத்தோரு தப்படி. இந்த முப்பத்தோரு தப்படிக்கு அந்தப்புறம் ஜப்பானியர், இந்தப்புறம் ராயல் வெஸ்ட் கெண்ட் படையினரும் அஸ்ஸாம் ரெஜிமெண்டாரும் குழி பறித்துப் பதுங்கிக்கொண்டு, நாள்கணக்கில் கையெறிகுண்டுகளை வீசிக்கொண்டிருந்தார்கள். காவற்படையில் மொத்தமே இரண்டாயிரத்தைந்நூறு பேர். எதிரே பதினாயிரத்துக்கு மேல். குடிதண்ணீர் வழியை எதிரி அறுத்துவிட, விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பல எதிரி பக்கமே போய் விழ, உதவிப் படை வந்து சேர்ந்த ஏப்ரல் 18 வரையில் அவர்கள் தாக்குப் பிடித்தார்கள். அதன் பிறகும் மைதானம் மீளவில்லை. மே 13-ஆம் தேதி, மேட்டை வெட்டிப் பாதை செய்து ஒரு டாங்கியை மேலிருந்து மைதானத்துக்குள்ளேயே இறக்கித்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

குன்றின் மிக உயர்ந்த இடத்தில், சமாதி இல்லாதவர்களுக்கான ஞாபகார்த்த மண்டபம் இருக்கிறது. தங்கள் மதாசாரப்படி தகனம் செய்யப்பட்ட 917 ஹிந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் பலரும் கீழேயுள்ள ஒரு செர்ரி மரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நேயர்கள் யாரேனும் போனால் அந்தக் கடைசிப் படிகளையும் ஏறிவிட்டு வாருங்கள். மூச்சு வாங்கும், வாங்கட்டும்.

ஜப்பானியருக்கு இங்கே வரிசையான சமாதிகள் இல்லை. மூன்று வாரத்துக்கான உணவோடு அனுப்பப்பட்ட சேனை அது. அதற்குள் ஜயித்துவிடலாம் என்று மேலதிகாரி முடாகுச்சி கணக்குப் போட்டார்; கணக்கு தப்பியது, மழைக்காலம் வந்தது, அரிசி வரவில்லை. ஸாட்டோ, உத்தரவை மீறித் தம் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். துப்பாக்கியால் செத்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் வழியில் விழுந்தவர்களே மிகுதி. ராணுவ நியாயப்படி ஸாட்டோ செய்தது குற்றமாகலாம். சோறில்லாமல் நிற்கும் பிள்ளைகளை வைத்திருந்த மனிதன் செய்த காரியமாகப் பார்த்தால், என்னால் அவரைக் குறைகூற முடியவில்லை.

கோஹிமாவைத் தாண்டி மணிப்பூருக்குள் இறங்கினால் 109-ஆம் மைல். வடக்கிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் 1944 ஜூன் 22-இல் சந்தித்துச் சாலையைத் திறந்த இடம் அது. இம்பாலில் இன்னொரு மயானம், அதுவும் சுமார் 1,600 சமாதிகளோடு, அதே ஒழுங்கு, அதே ரோஜா. தெற்கே லோக்டாக் ஏரிக்கரையில் மொய்ராங்; நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தார் 1944 ஏப்ரல் 14-இல் கொடியேற்றிய ஊர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழ் வாலிபர்களை நினைத்துக்கொண்டு சிறிது நேரம் அங்கே நின்றுவிட்டு, பாட்டிலில் விற்ற பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, பர்மா எல்லையை நோக்கித் திரும்பினேன்.

பாலேல் வரையில் வயல்வெளி. அப்பால் மறுபடியும் மலை. தெங்னௌபால் அருகே, ‘ஸ்க்ராகி’, ‘ஜிப்ரால்டர்’ என்று வெள்ளைச் சிப்பாய்கள் பெயர் வைத்த மேடுகளில் இன்று மேகம்தான் காவல் இருக்கிறது. இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் போனால் மோரே. அங்கே முனீஸ்வரர் கோயில் கோபுரத்தைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். பர்மாவை விட்டு வந்து இங்கே தங்கிவிட்ட தமிழர்களின் கோயில் அது. கோயில் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் என் வண்டியின் பதிவு எண்ணைப் பார்த்து, “மெட்ராஸா தம்பி?” என்று கேட்டார். சண்டை நடந்த இடங்களைப் பார்த்து வருவதாகச் சொன்னேன்.

“எங்கம்மா இந்த ரோட்டுல ரெண்டு தரம் வந்தவங்க,” என்றார். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது, லட்சக்கணக்கான நம்மவர் பர்மாவிலிருந்து கால்நடையாகத் தப்பி வந்த வழிகளில் இதுவும் ஒன்று. அப்போது அந்த அம்மாவுக்குப் பத்து வயது. யுத்தம் முடிந்து கப்பலில் பர்மாவுக்குத் திரும்பி, அறுபதுகளில் மறுபடி அங்கிருந்து விரட்டப்பட்டு, மெட்ராஸில் பிழைப்பில்லாமல், பர்மாவுக்கே போய்விடலாமென்று எதிர்த்திசையில் லாரியில் வந்து, எல்லை மூடிக்கிடக்கவே மோரேயில் நின்றுவிட்டாராம்.

“மொத தரம் நடந்து வரும்போது அவங்க தம்பிக்கு வாந்திபேதி. ஒரு வளைவுல புதைச்சுட்டு வந்துட்டாங்க. ரெண்டாந்தரம் லாரியில வரையில அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. எங்க தெரியும்? காடு மூடிப்போச்சு.”

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காலையில், தெங்னௌபால் இறக்கம் முழுவதும், நான் வண்டியை இரண்டாவது கியரிலேயே விட்டுக்கொண்டு வந்தேன்.